நாலாவது ஆள் சொன்னது

போன வாரம் நம் அலுவலகத்துக்கு வந்திருந்தேன். வேலையிலிருந்து விலகிய பிறகு அதுதான் முதல் முறை. சாப்பாட்டு மேசையில், புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களில் ஒருவர் கேட்டார்: “மேடம், நாலு பேர் சேர்ந்து ஆடுற கேம்ல ஒரு கேள்விக்கு வேற வேற பதில் சொன்னா, யாரோட பதில் செல்லும்?”

“அதிகம் பேர் சொன்னது செல்லும்,” என்றேன். எதிரே இருந்த யூசுப் தலையைக் குனிந்துகொண்டு சிரித்தார். நான் சொன்னது பாதிப் பதில்தான் என்று அவருக்குத் தெரியும். மீதிப் பாதியைக் கண்டுபிடித்த வாரத்தில் அவருக்கும் எனக்கும் இந்த அலுவலகத்தில் வேலை போக இருந்தது. அதை ஒழுங்காக எழுதித் தருகிறேன் என்று அன்று சொல்லிவிட்டு வந்தேன். எழுதுகிறேன். கொஞ்சம் பெருமையாகத்தான் எழுதப்போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் இந்தத் தொழிலுக்கு வந்தது கோடம்பாக்கம் வழியாக. வேற்றுமொழித் தொடர்களுக்குத் தமிழில் வசனம் எழுதிக்கொண்டிருந்தேன். அங்கே வேலை தெளிவானது. திரையில் யார் வாய் அசைகிறதோ அவருக்கு எழுத வேண்டும். வாயை மூடிக்கொண்டிருப்பவருக்கு எழுத வேண்டியதில்லை. சரவணன் என்னைத் தி.நகருக்கு அழைத்து, “அக்கா, நாலு பேர் அவங்கவங்க வீட்டில இருந்தே சேர்ந்து ஆடுற கேம் பண்றோம், பேச்சுப் பகுதி முழுக்க நீங்க பாத்துக்கணும்” என்றபோது, அதே வேலைதான் என்று நினைத்துக்கொண்டேன். வாயை மூடிக்கொண்டிருப்பவர் இங்கே ஒரு நிஜ மனிதர், அவர் எப்போது வேண்டுமானாலும் எழுந்து போகக்கூடியவர் என்பது எனக்கு உறைக்கவே கொஞ்ச காலம் ஆயிற்று.

சரவணனை உங்களுக்குத் தெரியும். அப்போது நம் அலுவலகம் அவருடைய அப்பாவின் பாத்திரக் கடைக்கு மேலே இருந்தது. தெற்கேயிருந்து வந்து தி.நகரில் கடை வைத்த குடும்பம். மேலே கம்ப்யூட்டர்கள், கீழே குத்துவிளக்குகள். படியேறும்போதே கடை ஆள் ஒருவர் என்னை வாடிக்கையாளர் என்று நினைத்து “வாங்கம்மா, உள்ள வாங்க” என்பார். கடைசிவரை அவர் அதை நிறுத்தவில்லை.

விளையாட்டின் கதை எளிமையானது. நான்கு வழிப்போக்கர்கள் ஊர் ஊராகப் போகிறார்கள். ஒவ்வொரு ஊரிலும் யாராவது ஒரு வழக்கைக் கொண்டுவருவார்கள். நான்கு பேரின் திரையிலும் நான்கு பதில்கள் தோன்றும். ஆளுக்கொன்றை அழுத்த வேண்டும். அதிக வாக்கு விழுந்த பதிலை வழிப்போக்கர்கள் சொல்வார்கள், கதை அதன்படி போகும். இந்தக் குழுப் பேச்சுதான் நம் விளையாட்டின் தனிச்சிறப்பு என்று சொல்லித்தான் வெளியீட்டு நிறுவனத்திடம் ஒப்பந்தம் வாங்கியிருந்தோம். பேச்சை எழுதியது நான். அதை ஓட வைத்தது யூசுப்.

நான் மிகவும் பாடுபட்டு எழுதிய காட்சி ஏரி மதகு. ஓர் ஊரின் பெரிய ஏரி. மதகைக் காவல் காப்பவர் செங்கான். கோடைக்குச் சேர்த்து வைத்த தண்ணீரை அவர் ஒருநாள் யாரையும் கேட்காமல் திறந்து விட்டுவிடுகிறார். ஊர் கொதித்துப்போய் வழிப்போக்கர்களிடம் தீர்ப்புக் கேட்கிறது. ஊரைவிட்டு அனுப்பலாம், அபராதம் போடலாம், மன்னித்துவிடலாம். நாலாவது பதில்: “ஏன் திறந்தாய்?” என்று கேட்கலாம். கேட்டால், ஏரிக்கரை உள்ளுக்குள் அரித்துப்போயிருக்கிறது, தண்ணீரைக் குறைக்காவிட்டால் கரை தாங்காது என்று செங்கான் சொல்வார்.

இந்தக் காட்சியை நாங்கள் எத்தனையோ முறை சோதித்தோம். ஒரு குறையும் தெரியவில்லை. ஏன் தெரியவில்லை என்பதைச் சொன்னால் சிரிப்பீர்கள். சோதித்தவர்கள் நாங்களே, ஒரே அறையில் உட்கார்ந்து. மதியம் சாப்பாடு வரவழைக்கும்போது சரவணன் “என்ன சொல்லலாம்?” என்பார். எல்லாரும் “நீங்க எதுன்னாலும் சரி” என்போம். நான்கு சாம்பார் சாதம் வரும். விளையாட்டையும் அப்படியே ஆடினோம். “என்னப்பா, கேட்டுடலாமா?” “கேட்டுடலாம்.” நான்கு வாக்கும் ஒரே பக்கம். நாங்கள் எழுதியிருந்தது நான்கு பேர் கருத்து வேறுபடும் காட்சி. அதை ஒருமுறைகூடக் கருத்து வேறுபடாமல் ஆடிப் பார்த்துத் திருப்தி அடைந்திருந்தோம்.

பிறகு வெளியாட்களை அழைத்தோம். மயிலாப்பூரில் ஒரே வீட்டில் வளர்ந்த மூன்று பேர்: வெங்கட், அவன் தங்கை வித்யா, அவர்களுடைய சித்தப்பா பிள்ளை கார்த்திக். மூன்று பேருக்கும் வேலை, சம்பளம் எல்லாம் வந்துவிட்டது. சின்ன வயதுச் சண்டை மட்டும் போகவில்லை. நாலாவதாகக் கோபாலபுரத்திலிருந்து ஹேமா. பல் மருத்துவர். அந்த மூவரையும் அதற்கு முன் அறியாதவர். அவரவர் வீட்டில் ஹெட்போன் மாட்டிக்கொண்டு ஆட, நானும் யூசுப்பும் அலுவலகத்தில் கேட்டுக்கொண்டிருந்தோம்.

மதகுக் காட்சி வந்தது.

“டேய், இவன் முழிக்கிற முழியைப் பாரு,” என்றான் வெங்கட். “ஊரைவிட்டு அனுப்பு.”

“அழுத்தியாச்சு,” என்றான் கார்த்திக்.

“நானும்,” என்றாள் வித்யா.

ஹேமா தயங்கித் தயங்கிச் சொன்னார்: “ஒரு நிமிஷம்... அவர் ஏன் திறந்தார்னு கேட்டுப் பார்க்கலாமா?”

“கேட்டுண்டே இருந்தா கதை எப்போ நகர்றது? மூணு ஓட்டு விழுந்தாச்சே!” என்றான் வெங்கட்.

செங்கான் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டார். கதை நகர்ந்தது. அடுத்த ஊரிலும் மூன்றுக்கு ஒன்று. அதற்கடுத்த ஊரில் ஹேமா படிக்காமலேயே முதல் பதிலை அழுத்துவது எங்கள் திரையில் தெரிந்தது.

“இன்னாக்கா இது,” என்றார் யூசுப். “அந்த டாக்டரம்மா வாயே தொறக்க மாட்டேங்குது. மூணு பேரும் ஒரு பக்கமா நின்னுக்கினு கீறாங்க.”

சற்று நேரத்தில் ஹேமா, “எனக்கு ஒரு போன் வருது” என்று சொல்லி விலகிக்கொண்டார். எந்தப் போனும் வரவில்லை என்று எல்லாருக்கும் தெரியும்.

மறுநாள் நான் அவரை அழைத்தேன். மரியாதையாகப் பேசினார். “கேம் நல்லாத்தான் இருக்குங்க. அவங்க மேலயும் எனக்குக் கோபமில்ல, நல்ல பசங்க. ஆனா நான் இருந்தாலும் இல்லாட்டியும் அந்தக் கதை அப்படியேதானே போகும்? அப்புறம் நான் எதுக்கு?”

எழுதுகிறவளுக்கு இதைவிடப் பெரிய அடி கிடையாது. அதைத் துடைத்துக்கொள்ளும் முன்பே அடுத்தது விழுந்தது. வெளியீட்டு நிறுவனத்தில் நம் விளையாட்டைப் பார்த்துக்கொண்டவர் ஷாலினி. அடையாற்றில் பிறந்து வளர்ந்து பெங்களூரில் வேலை பார்ப்பவர். சுற்றி வளைத்துப் பேசத் தெரியாதவர். ஸ்பீக்கரில் எங்கள் எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னார்:

“சண்டை போடுற இடமெல்லாம் பிரமாதம். பேசுற இடத்துலதான் ஆளுங்க கழண்டுக்கிறாங்க. எங்க பக்கம் ஆட வெச்ச குரூப்லயும் இதே கதை, எப்பவும் நாலாவது ஆள். அதனால தலைவர்னு ஒருத்தரை வெச்சுடுங்க. அவர் பேசட்டும், மத்த மூணு பேர் கேக்கட்டும். இல்ல, வேற வழி இருக்குன்னா வெள்ளிக்கிழமை நேர்ல வர்றேன், காட்டுங்க. பிடிக்கலைன்னா குரூப் பேச்சை எடுத்துடுறோம்.”

குழுப் பேச்சு போனால் யூசுப்புக்கும் எனக்கும் அங்கே செய்வதற்கு ஒன்றுமில்லை. சரவணன் அதை வாயால் சொல்லவில்லை. எங்கள் இருவருக்கும் மட்டும் காப்பி வரவழைத்தார், அதிலேயே புரிந்தது.

இருவரும் உட்கார்ந்து யோசித்தோம். பகடை உருட்டி யார் பதில் என்று முடிவு செய்யலாம் என்றார் யூசுப். அப்போது யார் யோசித்து என்ன பயன் என்றேன். முறை வைத்துக்கொள்ளலாம், ஊருக்கு ஒருவர் என்றார். ஒருவர் பேசும்போது மூன்று பேர் கொட்டாவி விடுவார்கள், அது ஷாலினி சொன்ன தலைவரேதான், ஆள்தான் மாறுகிறார் என்றேன். நாலு பேரும் ஒத்துக்கொண்டால்தான் நகரலாம் என்று நான் சொன்னேன். “அப்ப அந்த மயிலாப்பூர் பார்ட்டி டாக்டரம்மாவைப் பேசியே கொன்னுடும்க்கா,” என்றார் அவர். உண்மைதான்.

மண்டை காய்ந்துபோய்க் காற்று வாங்கக் கீழே இறங்கினேன். ஆடித் தள்ளுபடி. கடை பிதுங்கியது. ஒலிபெருக்கி ஓயாமல் கூவியது. ஆவணியில் கல்யாணம் வைத்திருக்கும் ஒரு குடும்பம் சீர்ப் பாத்திரம் வாங்கிக்கொண்டிருந்தது. கல்யாணப் பெண், அவளுடைய அம்மா, அப்பா, அத்தை. நடுவில் ஒரு பெரிய பித்தளை அண்டா.

“அவ போகப்போறது ஃபிளாட்டு. இத எங்க வெப்பா? தலை மேலயா?” என்றார் அத்தை.

“சீர்னா அண்டா இல்லாமலா?” என்றார் அம்மா. அப்பா தலையாட்டினார். பெண் போனைப் பார்த்தபடியே “வாங்கிடலாம்மா” என்றாள். மூன்றுக்கு ஒன்று. அண்டா வாங்கப்பட்டது. அத்தை முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார். ஹேமாவின் முகத்தை நான் பார்த்ததில்லை. அன்று இப்படித்தான் இருந்திருக்கும் என்று நினைத்தேன்.

வாசலில் ஆட்டோ வந்தது. அண்டா ஆட்டோவுக்குள் நுழையவில்லை. நேராக நுழையவில்லை, சாய்த்தும் நுழையவில்லை. ஆட்டோக்காரர் இறங்கி ஒரு சுற்றுச் சுற்றி வந்து, “இன்னா சார், இதுக்குள்ள ஆட்டோவ வெக்கலாம் போலக் கீது” என்றார். எல்லாரும் அண்டாவைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். அத்தை அவசரப்படவில்லை. முந்தானையைச் சரிசெய்துகொண்டார். பிறகு சொன்னார்:

“நான் அப்பவே சொன்னேன்.”

என்ன ஒரு முகம்! கல்யாணப் பெண் போனை மறந்து சிரித்துவிட்டாள். அப்பா, “சொன்ன, சொன்ன. ஏறு” என்றார். அத்தை ஏறினார். கடைசியில் எப்படியோ திருகி நுழைத்த அண்டாவைத் தன் மடியில் அவரே வாங்கிக்கொண்டார். ஆட்டோ கிளம்பும்போது நால்வரில் அதிக சந்தோஷமாக இருந்தவர் அவர்தான்.

நான் படியேறி ஓடினேன். கடை ஆள் “வாங்கம்மா” என்றதைக்கூடக் கவனிக்கவில்லை.

நம் வீடுகளில் பேச்சில் தோற்றவர் எழுந்து போய்விடுவதில்லை. ஏன்? அவர் சொன்னது சொன்னதாக இருக்கிறது. அவருக்கும் நினைவிருக்கிறது, மற்றவர்களுக்கும் நினைவிருக்கிறது. “நான் அப்பவே சொன்னேன்” என்று சொல்லும் நாளுக்காக அவர் அதே வீட்டில், அதே மேசையில், அடுத்த பேச்சிலும் உட்கார்ந்திருக்கிறார். ஹேமாவிடமிருந்து அந்த உரிமையை நாங்கள் பிடுங்கியிருந்தோம். அவர் கேட்ட கேள்வி செங்கான் காதில் விழவேயில்லை.

“யூசுப், தோத்த ஓட்டை என்ன செய்றீங்க?”

“எண்ணுவேன். அப்புறம் தூக்கிப் போட்டுடுவேன். வேறென்ன செய்ய?”

“தூக்கிப் போடாதீங்க. அதை யார் சொன்னாங்களோ அவங்க பேர்லயே வெச்சிருங்க.”

“எதுக்கு?” என்றார். அண்டா கதையைச் சொன்னேன். முடிக்கும் முன்பே விசைப்பலகையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டுவிட்டார். “எங்க மாமி இதே கேஸுக்கா. எங்க மாமாவ இன்னிக்கு வரைக்கும் வுடல.”

இரண்டு முடிவுகள் எடுத்தேன். இரண்டும் சரி என்று இன்றும் சொல்வேன். முதலாவது, தோற்றவரை ஜெயிக்க வைக்கக் கூடாது. அத்தை ஜெயிக்கவில்லை, அண்டா வாங்கப்பட்டது. மூன்று பேர் சொன்னதுதான் நடக்க வேண்டும், இல்லாவிட்டால் வாக்கு என்பதே பொய்யாகிவிடும். இரண்டாவது, வெள்ளிக்கிழமைக்குள் எல்லா ஊர்களையும் தொடக் கூடாது. சரவணன் எல்லா இடத்திலும் கொஞ்சம் கொஞ்சம் மாற்றலாம் என்றார். ஒரே ஒரு காட்சியை முழுதாக மாற்றுகிறோம், மதகு மட்டும் என்றேன். அவசரத்தில் எல்லாவற்றையும் தொட்டால் எதுவும் நிற்காது. ஒன்று நின்றால் மற்றவற்றையும் நிற்க வைத்துவிடலாம்.

ஊரைவிட்டுப் போகும் செங்கான் இப்போது பாதி வழியில் நிற்பார். தனக்காகப் பேசியவர் யாரோ அவர் பக்கம் திரும்புவார். அவர் திரும்புவதை நால்வரும் பார்ப்பார்கள். அவர் சொல்வது அந்த ஒருவருக்கு மட்டும் கேட்கும். பிற்பாடு மழை பெய்து ஏரி நிரம்பிக் கரை விரிசல் விடும்போது, அந்த ஒருவரின் திரையில் மட்டும் கூடுதலாக ஒரு பதில் இருக்கும். அது என்ன பதில் என்று உங்களுக்கு இதற்குள் தெரிந்திருக்கும்.

செங்கானுக்குக் குரல் கொடுத்தவர் தேவராஜ் அண்ணன், என் கோடம்பாக்கம் காலத்துச் சிநேகிதர். உடனே வந்துவிட்டார். ஆனால் எங்கே பதிவு செய்வது? மேலே எந்த அறையில் மைக்கை வைத்தாலும் ஆடித் தள்ளுபடி அதில் ஏறியது. கடைசியில் கட்டடத்தின் அடித்தளத்தில் நின்ற சரவணனின் காரில் அவரை உட்கார வைத்து, கண்ணாடிகளை ஏற்றி, மேலே ஜமக்காளத்தைப் போர்த்தினோம்.

“இன்னாமா, மேல பாத்திரத்துக்குத் தள்ளுபடி, கீழ எனக்கா? ஏசியாச்சும் போடு, வெந்து போறேன்.”

“ஏசி சத்தம் மைக்ல ஏறும்ணே.”

“நான் செத்தா அந்தச் சத்தம் ஏறாதா?”

முதல் முறை அவர் கண்ணீர் கலந்த குரலில் பேசினார். அழகான குரல்தான். எனக்கு வேண்டியது அதுவல்ல. “அழாதீங்கண்ணே. செங்கான் நன்றி சொல்லல. விலாசம் சொல்றார்.” ஜமக்காளத்துக்கு அந்தப் பக்கமிருந்து “விலாசமா? சரி” என்றார். அடுத்த முறை, பக்கத்து வீட்டுக்காரருக்கு வழி சொல்வது போலச் சொன்னார். அதுதான் எனக்கு வேண்டியது. ஜமக்காளத்தை எடுத்தோம்.

வெள்ளிக்கிழமை காலை யூசுப் என் மேசைக்கு வந்தார். முகம் சரியில்லை. “அக்கா, சரவணன் சார் ஒரு ஐடியா வெச்சுக்கினு கீறாரு. ஷாலினி மேடம்கூட அவரும் நானும் நம்ம கணக்குப் பிள்ளையும் ஆடணுமாம். மேடம் எதை அழுத்துறாங்களோ அதையே நாங்களும் அழுத்தணுமாம்.”

நேரே சரவணனிடம் போனேன்.

“வர்றவங்க விருந்தாளிக்கா,” என்றார். “சந்தோஷமா ஆடிட்டுப் போகட்டுமே.”

“அவங்க எல்லாத்துலயும் ஜெயிச்சா, நாம செஞ்சது எதுவும் அவங்க கண்ணுல படாது.”

“அதுக்காக வீட்டுக்கு வந்தவங்களைத் தோற்கடிச்சு அனுப்பச் சொல்றீங்களா? எங்கப்பா கடைக்கு வந்த ஆளை வெறுங்கையோட அனுப்பினதில்ல.”

“தோற்கடிக்கச் சொல்லல. தோக்கணும்னு வந்தா தோக்க விடுங்கன்னு சொல்றேன்.”

“சரி, யாரோட ஆட வெக்கப் போறீங்க?”

“மயிலாப்பூர் மூணு பேரோட.”

சரவணன் உட்கார்ந்துவிட்டார். “அதுங்களா? அக்கா, அதுங்க வாய்க்குப் பூட்டே கிடையாது!”

“அதனாலதான். ஹேமாவை எழுந்து போக வெச்சவங்க அவங்கதான். அவங்களோட உட்கார்ந்து ஒருத்தர் எழுந்து போகாம இருந்தா, நம்ம வேலை நிக்குதுன்னு அர்த்தம். மத்தவங்களோட ஆடி ஜெயிச்சா ஒரு அர்த்தமும் இல்ல.”

அவர் நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். கீழே ஒலிபெருக்கி எதற்கோ பாதி விலை என்றது. “சரி. சொதப்பினா மேடம் முன்னாடி நீங்கதான் பேசணும்.”

“நானே பேசறேன்.”

அந்த மூவரிடம் ஷாலினி யார் என்று நாங்கள் சொல்லவில்லை. அவரை எதிர்த்து அழுத்துங்கள் என்றும் சொல்லவில்லை. அவரிடமும் எதுவும் சொல்லவில்லை. விளையாட்டைச் சோதிக்கும்போது முடிவை முன்கூட்டியே சமைத்து வைக்காதீர்கள். சமைத்தால் அது சோதனை அல்ல, நாடகம்.

ஷாலினி வந்தார். ஹெட்போன் மாட்டிக்கொண்டார். அந்த மூவர் அவரவர் வீட்டிலிருந்து ஆட, பேச்சு எங்களுக்கும் ஒரு சின்ன ஸ்பீக்கரில் கேட்டது. ஆட்டம் தொடங்கியது. முதல் ஊரில் சுங்கச்சாவடித் தகராறு. நால்வரும் ஒரே பதில். இரண்டாவது ஊரில் சத்திரக்காரி வழக்கு. அங்கேயும் ஒரே பதில். யூசுப் என் காதருகே, “அக்கா, இந்தம்மா எல்லாத்துக்கும் சரி சரின்னு போய்க்கினே கீது. தோக்கவே தோக்காது போல,” என்றார். எனக்கும் அதே பயம்தான்.

மதகு வந்தது. மூவரும் வழக்கம்போல. “அனுப்பு.” “அனுப்பு.” “அனுப்பியாச்சு.”

ஷாலினி திரையை உற்றுப் பார்த்தார். “ஏன் திறந்தான்னு யாருமே கேக்கலையே?”

“நீங்க வக்கீலா?” என்றான் வெங்கட்.

“இல்ல.”

“அப்போ அழுத்துங்கோ, நேரமாறது.”

“நான் கேக்கத்தான் போறேன்.”

“தாராளமா கேளுங்கோ. மூணுக்கு ஒண்ணு!” மூவரும் கைதட்டிச் சிரிப்பது அறை முழுக்கக் கேட்டது. சரவணன் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார்.

செங்கான் துண்டை உதறித் தோளில் போட்டார். நடந்தார். நின்றார். திரும்பினார். ஷாலினியைப் பார்த்துச் சொன்னார்: “ஏன்னு நீ மட்டும்தான் கேட்ட. வடக்குக் கரையில பனைமரத்துப் பக்கம் இருப்பேன்.” விலாசம் சொல்லும் அதே குரல். பிறகு போய்விட்டார்.

“என்ன சொன்னான்?” வித்யாவின் குரல் பதறியது. “உங்களண்ட என்னமோ சொன்னானே! எங்களுக்கு ஒண்ணுமே கேக்கலையே!”

ஷாலினி நாற்காலியை மேசைக்கு நெருக்கமாக இழுத்துப் போட்டுக்கொண்டார். “ஒண்ணுமில்லையே,” என்றார்.

“ஒண்ணுமில்லையா? நின்னு திரும்பிப் பார்த்துட்டுன்னா போனான்!”

“சும்மா, போயிட்டு வரேன்னு சொன்னார்.”

யூசுப் என் கையைக் கிள்ளினார். பெங்களூரிலிருந்து வந்தவர், பெரிய நிறுவனத்தின் அதிகாரி, முன்பின் தெரியாத மூன்று பேரிடம் சின்னப் பிள்ளை போலப் பொய் சொல்லிக்கொண்டிருந்தார்.

மழை வந்தது. ஏரி நிரம்பியது. கரையில் விரிசல். மதகுப் பலகை இறுகிக்கொண்டு மேலே வரவில்லை. அதை அசைக்கும் சூட்சுமம் தெரிந்த ஒரே ஆள் ஊரைவிட்டுப் போய்விட்டார். ஊரார் வழிப்போக்கர்களைச் சூழ்ந்துகொண்டு கத்தினார்கள். மூவரின் திரையில் மண் மூட்டை அடுக்குவதும் ஓடித் தப்புவதும் இருந்தன. ஷாலினியின் திரையில் அவற்றுக்குக் கீழே இன்னொன்று இருந்தது.

நான் அப்பவே சொன்னேன்.

அவர் அதைப் படித்தார். ஹெட்போனை ஒரு காதிலிருந்து நகர்த்தி என்னைப் பார்த்தார். “இதை எங்கேருந்து பிடிச்சீங்க?”

“கீழ பாத்திரக் கடையில கிடைச்சுது.”

அழுத்தினார். வழிப்போக்கர் நால்வரில் அவருடைய ஆள் ஓரடி முன்னால் வந்து, கொட்டும் மழையில், மற்ற மூவரையும் பார்த்து அதைச் சொன்னார்.

“ஐயோ, அப்படியே எங்காத்து அத்தை!” என்று அலறினாள் வித்யா.

“சொன்னேள், சொன்னேள்,” என்றான் வெங்கட். “கரை உடையறது. அவன் எங்க இருக்கான்னு சொல்லுங்கோ. உங்களுக்குத் தெரியும்!”

“தெரியும்.”

“அப்போ சொல்லுங்கோ!”

“கெஞ்சுங்க.”

“கெஞ்சறதா? டேய் கார்த்திக், கெஞ்சச் சொல்றா!”

“கெஞ்சுடா,” என்றான் கார்த்திக். “ஊரே முழுகிண்டிருக்கு, உனக்கு என்ன மானம்?”

மூவரும் கெஞ்சினார்கள். ஷாலினி நிதானமாக அனுபவித்தார். அதன் பிறகுதான் வடக்குக் கரைக்கு முன்னால் நடந்தார், மற்ற மூவரும் பின்னால் ஓடினார்கள்.

கீழே கடையிலிருந்து சரவணனின் அப்பா அனுப்பிய காப்பி ஆறிப்போனது. அடுத்த ஊருக்கும் போனார்கள். ஷாலினி எழுந்திருக்கும் வழியாக இல்லை. சரவணனால் பொறுக்க முடியவில்லை. மெல்ல அவர் பக்கத்தில் போய்க் குனிந்து, “மேடம், அந்தத் தலைவர் விஷயம்...” என்று தொடங்கினார்.

“எந்தத் தலைவர்?” என்றார் ஷாலினி, திரையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

அவ்வளவுதான். குழுப் பேச்சு தங்கியது. நீங்கள் இன்று உட்கார்ந்து எழுதும் ஒவ்வொரு காட்சியும் அந்த ஒரு கேள்வியின் மேல் நிற்கிறது. பின்னால் எல்லா ஊர்களையும் ஒவ்வொன்றாக மாற்றினோம். ஹேமாவைத் திரும்ப அழைத்தோம். வேறு நல்ல குழுவோடு ஆடுகிறீர்களா என்று கேட்டதற்கு, “வேண்டாங்க, அந்த மூணு பேரையே குடுங்க” என்றார். முதல் நாளே இரண்டு முறை தோற்றார். எழுந்து போகவில்லை. மூன்றாவது ஊரில் அவர் சிரித்த சிரிப்பை யூசுப் இன்னும் நடித்துக் காட்டுவார், கேட்டுப் பாருங்கள்.

ஆகவே, உங்கள் கேள்விக்கு முழுப் பதில்: அதிகம் பேர் சொன்னது செல்லும். மற்றவர் சொன்னது நிற்கும். எழுதும்போது ஜெயித்த பதிலுக்கு என்ன நடக்கிறது என்று எல்லாருமே யோசிப்பார்கள், அதற்கு உங்களைச் சம்பளம் கொடுத்து வைத்துக்கொள்ள வேண்டியதில்லை. தோற்ற பதில் எங்கே போய்த் தங்கியிருக்கிறது, எப்போது திரும்பி வரும் என்று யோசியுங்கள். சோதிக்கும்போது ஒருவருக்கொருவர் விட்டுக்கொடுக்காத ஆட்களைத் தேடிப் பிடியுங்கள். நால்வரும் சாம்பார் சாதம் என்றால் சந்தேகப்படுங்கள்.

அன்று மாலை ஷாலினி கிளம்பிப் போன பிறகு, நானும் யூசுப்பும் இறங்கி வந்தபோது, சரவணன் அடித்தளத்தில் தன் கார் அருகே நின்றிருந்தார். முகம் மலர்ந்திருந்தது. யூசுப்பின் தோளைத் தட்டினார். பிறகு என் பக்கம் திரும்பி ஏதோ சொல்ல வாயெடுத்தார்.

எனக்கு அப்போது ஓர் உரிமை இருந்தது. விட்டுக்கொடுப்பது பெருந்தன்மை என்பார்கள். நான் விட்டுக்கொடுக்கவில்லை. கைப்பையைத் தோளில் மாட்டினேன். முந்தானையைச் சரிசெய்துகொண்டேன்.

“நான் அப்பவே சொன்னேன்,” என்றேன்.

“சொன்னீங்க, சொன்னீங்க,” என்றார் சரவணன், ஜமக்காளம் இன்னும் பின் இருக்கையிலேயே கிடந்த காரின் கதவைத் திறந்தபடி. “ஏறுங்க, வீட்ல விட்டுடறேன்.”